முத்திரை வேண்டாத அளவு

1800 அக்டோபரில், பெங்களூரை ஒட்டிய சமவெளியில், வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஓர் எஃகுச் சங்கிலியைக் கிடத்தி நிலத்தை அளக்கத் தொடங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சங்கிலியின் நீளம் 100 அடி, ஒவ்வொன்றும் இரண்டரை அடியாக 40 கண்ணிகள். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டெனின் பட்டறையில் செய்தது. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக 1793-இல் மெக்கார்ட்னி பிரபு கொண்டுபோன பொருள்களில் இதுவும் ஒன்று. சக்கரவர்த்திக்கு இதில் அக்கறை இல்லை. தூதுக்குழுவோடு போன டின்விடி என்ற விஞ்ஞானி வழியாக அது கல்கத்தாவுக்கு வந்து, கடைசியில் லாம்ப்டன் கைக்குச் சேர்ந்தது. பீக்கிங் அரண்மனையில் தூசு படிந்து கிடக்க வேண்டிய சங்கிலி மைசூர்ச் சீமையின் செம்மண்ணில் ஏழு மைலுக்கு மேல் புரண்டது.

டிசம்பரில் அளவு முடிந்தது. ஆனால் அதைக் கொண்டு மேற்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. நீளத்தை அளக்கச் சங்கிலி இருந்தது. கோணத்தை அளக்கத் தகுதியான வட்டம் இல்லை. அதற்கு லண்டனுக்குச் சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். அந்த வட்டம் போன வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சங்கிலியைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. சந்தையில் அரிசி அளக்கும் படிக்கு முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத படி வெறும் பாத்திரம்தான். சங்கிலியும் அப்படியே. எங்கோ ஒரு மூலக்கோல் இருக்கிறது, அதோடு இதை ஒத்துப்பார்த்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது 100 அடி. அந்த நம்பிக்கையும் வெயில் வரும்வரைதான். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் 100 அடி எஃகு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஏழரை மைலுக்கு அதை ஏறத்தாழ 400 முறை எடுத்து வைக்க வேண்டும். கணக்கில் ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். அதனால் மரப்பெட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, வெயில் ஏற ஏற அளவைத் திருத்தினார்கள். ஒரு சங்கிலியை வேலைக்கு வைத்துக்கொண்டு, இன்னொன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே பத்திரப்படுத்தவும் வேண்டியிருந்தது.

வட்டத்துக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது.

லாம்ப்டன் சொல்லி அனுப்பிய தியோடலைட்டைச் செய்தவர் வில்லியம் கேரி, ராம்ஸ்டெனிடம் தொழில் பழகியவர். கருவியின் கிடைவட்டம் 36 அங்குல விட்டம். மொத்த எடை அரை டன். தூக்க ஒரு கூட்டமே வேண்டும். ஆனால் அதன் உயிர் முழுக்க அந்த வட்டத்தின் விளிம்பில் கீறியிருந்த கோடுகளில் இருந்தது. ஒரு வட்டத்தைச் சரிசமமாகக் கூறுபோடுவது 18-ஆம் நூற்றாண்டில் ஒரு தனிக் கலை. கவராயத்தை வைத்துக்கொண்டு கையாலேயே பிரித்தார்கள். கை தேர்ந்தவர்கள் லண்டனிலேயே மிகச் சிலர்தான். 1770-களில் ராம்ஸ்டென் இதற்கு ஓர் எந்திரம் செய்தார். 45 அங்குலச் சக்கரம், அதன் விளிம்பில் 2160 பற்கள். பற்களில் ஒரு திருகு பிடித்துக்கொண்டு நிற்கும். திருகை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். ஆறு சுற்றுக்கு ஒரு பாகை. பிரிட்டிஷ் அரசு அவருக்குப் பணம் கொடுத்து, எந்திரத்தின் விவரத்தை 1777-இல் புத்தகமாக வெளியிடவும் வைத்தது.

2160 எதற்காக? பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் கலை என்று பெயர். ஒரு பல்லுக்கு 10 கலை. 2160-ஐப் பத்தால் பெருக்கினால் 21,600. ஒரு முழுச்சுற்றில் உள்ள கலைகள் அத்தனை. பழைய சோதிடக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த எண் புதிதல்ல. ஆரியபட்டர் தன் சைன் அட்டவணைக்கு வட்டத்தின் ஆரத்தை 3438 என்று வைத்தார். அது சுற்றளவை 21,600 கலையாகக் கொண்டால் கிடைக்கும் ஆரம். ராம்ஸ்டெனுக்கு ஆரியபட்டரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருவருக்கும் பாபிலோனில் கொள்ளுத்தாத்தா ஒருவர். அறுபது அறுபதாக எண்ணிய அந்தக் கணக்கர்கள் விட்டுப்போனதை இருவரும் ஆளுக்கொரு பக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆரியபட்டர் இன்னும் ஒருபடி மேலே போனார். கிரகங்களின் வேகத்தைச் சொல்ல அவர் பாகையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்தில் ஒவ்வொன்றும் எத்தனை முழுச்சுற்று வருகிறது என்றுதான் சொன்னார். பூமி தன்னைத்தானே 158,22,37,500 முறை சுற்றுகிறதாம். இதை யுகத்தின் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 366-க்குச் சற்று மேல் வரும். நாள்கள் 365தானே என்று கேட்கத் தோன்றும். சூரியனைச் சுற்றிவருவதிலேயே பூமிக்கு ஆண்டுக்கு ஒரு சுற்று கணக்கில் கூடிவிடும். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் 366தான் சரி. இங்கே பின்னம் இல்லை, தசமப்புள்ளி இல்லை. சுற்று, சுற்று, சுற்று, அவ்வளவே.

முழுச்சுற்றை 360 ஆகப் போடுவதா, 400 ஆகப் போடுவதா என்ற சண்டை லாம்ப்டன் காலத்தில் சூடாகவே இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் கால்வட்டத்துக்கு 100 கிரேடு என்று வைத்தார்கள். டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை 1792 முதல் டெலாம்பரும் மெஷானும் அளந்துகொண்டு போனது இந்தக் கனவை மனத்தில் வைத்துத்தான். அந்த அளவிலிருந்துதான் மீட்டர் பிறந்தது: வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு. அதாவது பூமியை ஒரு முழுச்சுற்று வந்தால் நாலு கோடி மீட்டர். பிறகு அதை ஒரு பிளாட்டினக் கோலாக்கிப் பாரிஸில் பூட்டி வைத்தார்கள். கோல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் குட்டை என்று பின்னால் தெரியவந்தது. முழுச்சுற்றிலிருந்து பிறந்த நீளத்துக்குப் பூட்டும் சாவியும் தேவைப்பட்டன. முழுச்சுற்றையே யாராவது பூட்டி வைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறோமா? பாகையோ கிரேடோ, கூறு எத்தனை போட்டாலும் மொத்தம் அதேதான். 1962-இல் ஃபிரெட் ஹோய்ல் என்ற வானியலாளர், சுற்றையே அலகாக வைத்து அதை நூறாகவும் ஆயிரமாகவும் பிரிக்கலாம் என்றார். உலகம் காது கொடுக்கவில்லை. 360-ஐ இரண்டால், மூன்றால், நாலால், ஐந்தால், ஆறால், எட்டால், ஒன்பதால், பத்தால், பன்னிரண்டால் வகுக்கலாம். தச்சருக்கும் கப்பலோட்டிக்கும் அதுதான் வசதி. என் ஓட்டும் 360-க்கே.

கருவி கடலில் வந்த கதைக்கு வருவோம். அது ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள் என்றும், பெட்டியைத் திறந்து பார்த்த ஆளுநர் டெகான் இது போர்க்கருவி அல்ல, அறிவியல் கருவி என்று மரியாதைக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்றும் சொல்வார்கள். பல புத்தகங்களில் இருக்கிறது, கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் கப்பலைப் பிடித்ததாகச் சொல்லப்படும் 'பியேமொன்டேஸ்' என்ற போர்க்கப்பல் தண்ணீரில் இறங்கியதே 1804-இல். டெகான் மொரீஷியஸில் கால் வைத்தது 1803-இல். தியோடலைட் சென்னைக்கு வந்ததோ 1802-இல். நடந்ததில் ஏதோ உண்மை இருக்கலாம். பெயர்கள் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை.

அது வந்து சேர்வதற்குள், 1802 ஏப்ரலில் தொடங்கி, லாம்ப்டன் பரங்கிமலையை ஒட்டி ஏழரை மைல் நீளத்துக்குப் புதிதாக ஓர் அடிக்கோட்டை அளந்து முடித்திருந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்குப் பிறந்தநாள் அந்தத் தொடக்க நாள்தான் என்று வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் அளந்தது ஒத்திகை ஆகிவிட்டது. வட்டம் கைக்கு வந்ததும் குன்றிலிருந்து குன்றுக்கு, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக மேற்கே நகர்ந்து, 1804-இல் அவருடைய ஆட்கள் மறுபடியும் பெங்களூரை அடைந்தார்கள். இப்போது சோதனை. பரங்கிமலையில் அளந்த ஒரே ஒரு நீளம், அதற்குப் பிறகு வெறும் கோணங்கள். இந்தக் கோணங்களைக் கொண்டு கணக்குப் போட்டால் பெங்களூரில் ஒரு கோட்டின் நீளம் இத்தனை வர வேண்டும். அதே கோட்டைச் சங்கிலியால் நேராக அளந்தால் என்ன வரும்? லெப்டினன்ட் ஜான் வாரன் அளந்தார். ஏழரை மைலில் வித்தியாசம் 3.7 அங்குலம். ஒரு சாணுக்கும் குறைவு.

வாரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர். 1802-இல் கோலார்ப் பக்கம் கிராமத்து ஜனங்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தவர் அவர்தான். பின்னால் கோலார் தங்கவயல் என்று ஆகி, வட ஆர்க்காட்டிலிருந்து தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குழிக்குள் இறங்கிய கதைக்கு முதல் பக்கம் அது. கடைசிக் காலத்தில் வாரன் புதுச்சேரியில் இருந்து 'கால சங்கலித' என்று ஒரு பெரிய நூல் எழுதினார். 1825-இல் சென்னையில் அச்சாயிற்று. அதில் ஒரு காட்சி: தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் ஏடும் எழுத்தாணியும் இல்லாமல், தரையில் சோழிகளை அடுக்கியும் கலைத்தும், வாய்ப்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டுகிறார். தொடக்கத்தில் பிழை சில நிமிஷங்கள்தான். முடிவில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தவறிப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு முழுக்க ஒரே உத்தியில் ஓடுகிறது. கிரகம் எத்தனை முழுச்சுற்று வந்திருந்தால் நமக்கென்ன, அத்தனையையும் தள்ளிவிடு, மிச்சத்தை வைத்துக்கொள். ராசி, பாகை, கலை என்று சோழி மிஞ்சுகிறதே, அந்த மிச்சம்தான் இன்று அது நிற்கும் இடம். பெங்களூரில் குன்று குன்றாக வட்டத்தைத் திருப்பியவர்களோடு இருந்த மனிதருக்கு, புதுச்சேரித் திண்ணையில் நடந்தது என்ன என்று புரிந்திருக்கிறது. பக்கத்திலிருந்த பலருக்குப் புரிந்திருக்காது.

குன்றின் மேல் நடப்பது இதுதான். சாவனதுர்கா போன்ற ஒரு பாறைத் தலையில், பன்னேருகட்டா போன்ற ஒரு மேட்டில், தியோடலைட்டை மட்டம் பார்த்து நிறுத்துவார்கள். தூரத்துக் குன்றுகளில் கொடிகள். தொலைநோக்கியை முதல் கொடிக்குத் திருப்பி, விளிம்பில் கோடு எங்கே நிற்கிறது என்று நுண்ணோக்கியில் படிப்பார்கள். அடுத்த கொடி, அதற்கடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் மறுபடியும் முதல் கொடி. தொடங்கிய எண்ணே வர வேண்டும். வராவிட்டால் கால் அசைந்திருக்கிறது, அல்லது கண் சோர்ந்திருக்கிறது, அல்லது காற்று கொடியை ஏமாற்றியிருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம், லண்டனுக்கு எழுத வேண்டாம். அந்தக் குன்றின் தலையிலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு நுணுக்கமாக? 36 அங்குல வட்டத்தின் விளிம்பு சுற்றளவில் 2 மீட்டர் 87 சென்டிமீட்டர். ஒரு பாகைக்கு எட்டு மில்லிமீட்டர் இடம். ஒரு கலைக்கு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கலையில் அறுபதில் ஒரு பங்கான விகலைக்குக் கிடைப்பது மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றுக்குச் சற்று மேல். அந்த விகலை தப்பினால் 30 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் தப்பும். ஆனால் முக்கோணத்தின் மேல் முக்கோணம் ஏறிக்கொண்டே போகிறதே.

முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதை வைத்துச் சரிபார்க்கலாமே என்றால், குன்றுகளுக்கு நடுவே அந்த விதி ஏமாற்றிவிடும். பூமி உருண்டை. பெரிய முக்கோணத்தில் மூன்று கோணங்களும் சேர்ந்து 180-ஐத் தாண்டும். ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை வீதம் கூடும். லாம்ப்டன் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அந்தக் கூடுதலைக் கணக்கிட்டுக் கழித்தார். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களுக்கு மட்டும் கழிவும் இல்லை, கூட்டலும் இல்லை. பூமி உருண்டையோ தட்டையோ, குன்று உயரமோ தாழ்வோ, வெயிலோ மழையோ, சுற்றி வந்தால் 360.

வெயிலைப் பற்றி இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. வெப்பத்தில் பித்தளை வட்டமும் பெருக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாப் பக்கமும் சமமாகப் பெருத்தால் கோடுகளும் கூடவே விலகும். பாகை பாகையாகவே இருக்கும். சங்கிலிக்கு இல்லாத வரம் இது.

வரம் எல்லாக் கருவிக்கும் கிடைத்துவிடவில்லை. அட்சரேகை பார்க்க லாம்ப்டன் பெங்களூரில் தொட்டகுண்டாவைத் தேர்ந்தெடுத்தார். இன்று காக்ஸ் டவுன் பக்கம், தெருவுக்குத் தெரு தமிழ் காதில் விழும் பேட்டை. தலைக்கு நேர்மேலே கடக்கும் நட்சத்திரங்களைப் பார்க்கும் அவருடைய கருவியில் முழு வட்டம் கிடையாது, சின்ன வில் மட்டும். முழுச்சுற்று இல்லாததால் தன்னைத் தானே சரிபார்க்க அதற்கு வழியில்லை. அதனால் ஒருமுறை கிழக்கு முகமாக வைத்துப் பார்த்துவிட்டு, கருவியையே அரைச்சுற்று திருப்பி மேற்கு முகமாக வைத்து மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கருவியின் கோணல் கழிந்துபோகும். கன்னியாகுமரிக்கு அருகே புன்னை, கோயம்புத்தூர்ப் பக்கம் பச்சாபாளையம், வடக்கே நாமதாபாத் என்று அவர் வானம் பார்த்த இடங்களின் வரிசையில் தொட்டகுண்டாவும் ஒன்று.

1808-இல் அளவை தஞ்சாவூருக்கு வந்தது. குன்றேறிப் பழகியவர்களுக்குக் காவிரிப் படுகை ஒரு சோதனை. குன்று என்று ஒன்று கண்ணுக்கெட்டியவரை கிடையாது. தென்னையும் பனையும் எங்கு பார்த்தாலும் மறைக்கின்றன. உயரம் என்று இருப்பது கோயில்கள் மட்டுமே. அதனால் கோபுரம் கோபுரமாக ஏறினார்கள். தஞ்சையில் பெரிய கோயிலைவிட உயரம் எது?

அரை டன் பெட்டியைக் கப்பிகளும் வடங்களும் போட்டு மேலே இழுத்தார்கள். சுவரில் மோதாமல் விலக்கிப் பிடிக்க ஒரு பக்கவாட்டுக் கயிறு. அந்தக் கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப் போய் கல்லில் மோதியது. பெட்டி நொறுங்கி, அடி உள்ளே இறங்கிவிட்டது. கேரியின் வட்டம், மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கைச் சொல்ல வேண்டிய அந்த வட்டம், கண்ணால் பார்த்தே தெரியும்படி கோணிப்போனது.

வேறொருவராக இருந்தால் வேலை அன்றோடு நின்றிருக்கும். லாம்ப்டன் கருவியைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். அங்கே படைக்கலக் கிடங்கு இருந்தது. இரும்பு வேலை தெரிந்த கைவினைஞர்கள் இருந்தார்கள். ஒரு கூடாரத்துக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டார். அந்தக் கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. கருவியைப் பாகம் பாகமாகக் கழற்றினார்கள். பெரிய தட்டைப் பலகை ஒன்றில் வட்டம் இருக்க வேண்டிய சரியான அளவுக்கு ஒரு வட்டம் கீறி, அதற்குள் கோணிய வளையத்தை வைத்து, ஆப்பும் திருகும் கப்பியுமாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துப் பலகையில் கீறிய கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டித் தட்டி நேராக்கினார்கள். ஆறு வாரம் பிடித்தது. இதைப் பின்னாளில் எழுதிவைத்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சுத்தி பிடித்த திருச்சிக் கைகளுக்கு உரியவர்களின் பெயரை எழுத அவருக்குத் தோன்றவில்லை.

இதை வெறும் விடாமுயற்சிக் கதையாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. மோதி உடைந்தது ஒரு நீளக்கோலாக இருந்திருந்தால் லாம்ப்டன் எத்தனை வாரம் கூடாரத்தில் இருந்தாலும் பயன் இல்லை. எத்தனை நீளம் இருந்தது என்று சொல்ல இன்னொரு கோல் வேண்டும். அதற்கு லண்டனுக்கு எழுதி, கப்பல் போய், கப்பல் வர வேண்டும். வட்டத்துக்கு மூலம் லண்டனில் இல்லை. திருச்சியில் ஒரு பலகையும் ஒரு கவராயமும் போதும், முழுச்சுற்று என்பது இன்னதுதான் என்று காட்டிவிடலாம். நசுங்கிய விளிம்பில் சில பாகைகள் ஒடுங்கியிருக்கும், சில விரிந்திருக்கும். ஒடுங்கிய அளவுக்குத்தான் விரிந்திருக்க முடியும், ஏனென்றால் மொத்தம் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. ஒரே கோணத்தை விளிம்பின் ஓரிடத்தில் மட்டும் படிக்காமல், வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பல இடங்களில் படித்துச் சராசரி எடுத்தால் அந்தக் கோணல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். எதிரெதிரே வைத்த நுண்ணோக்கிகளில் படித்துப் பாதியாக்கினால் மையம் விலகிய பிழையும் கழியும். அடிபட்ட கருவி என்று ஒதுக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு லாம்ப்டன் குமரிவரை போனார், பிறகு வடக்கே திரும்பினார். 1823 ஜனவரியில் விதர்ப்பாவில் ஹிங்கன்காட்டில் இறக்கும்வரை அளந்துகொண்டேதான் இருந்தார்.

இதனால் கருவி புதிதாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்து வந்த எவரெஸ்ட் அதை நம்பி வேலை நடத்தத் தயாராக இல்லை. இங்கிலாந்துக்குப் போய் ட்ராட்டன்-சிம்ஸ் பட்டறையில் புது தியோடலைட் செய்வித்து, 1830-இல் திரும்பியபோது ஹென்றி பாரோ என்ற கருவி வல்லுநரும் வேலைக்கு வந்து சேர்ந்தார். கேரியின் பழைய வட்டம் கல்கத்தாவில் பாரோவின் கையில் புதுப்பிறவி எடுத்தது. பாரோவுக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். ஆர்க்காட்டுக்காரர். சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தவரை அளவைத் துறை பிடித்துக்கொண்டது. ஆங்கிலப் பட்டறைப் பயிற்சி எதுவும் இல்லாத அவரை எவரெஸ்டே வாய்விட்டுப் புகழ்ந்தார். நகையில் கல் பதிக்கிற கண்ணுக்குப் பித்தளையில் பாகை கீறுவது புது உலகமாகத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1867-68-இல் அளவைக்காரர்கள் மறுபடி பெங்களூருக்கு வந்து ஒரு புதிய அடிக்கோட்டை அளந்தார்கள். லாம்ப்டன் காலத்துச் சங்கிலியைக் கடாசியாகிவிட்டது. இப்போது கோல்பியின் கோல்கள்: 10 அடி நீள இரும்பும் பித்தளையும் பக்கம் பக்கமாகப் பிணைத்து, வெப்பத்தில் ஒன்று நீள்வதை மற்றது ஈடுகட்டும்படி செய்த உபாயம். நீளத்தின் பாடு அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் தீரவில்லை. அதற்குப் பிறகு மீட்டரை 1960-இல் ஒளியின் அலைநீளத்திலும், 1983-இல் ஒளியின் வேகத்திலும் கட்டினார்கள். கிலோகிராம் 2019 வரை பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர் உலோக உருளையாகவே உட்கார்ந்திருந்தது. கேரியின் தியோடலைட் இப்போது டேராடூனில் இந்திய அளவைத் துறையின் காட்சிப்பொருள்.

பெங்களூரில் வட்டம் பிரிக்கும் வேலை நிற்கவே இல்லை. குன்றிலிருந்து இறங்கிப் பட்டறைக்குள் போய்விட்டது. 1953-இல் எச்.எம்.டி. வந்தது. 1960-களில் தும்கூர் சாலையில் எந்திரக் கருவிகளுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் வந்தது. பீன்யாவில் தொழிற்பேட்டை வந்து, 1975-இல் விண்ணுக்குப் போன இந்தியாவின் முதல் செயற்கைக்கோளை அங்கே தகரக் கொட்டகைகளில் கோத்தார்கள். யுகத்தைச் சுற்றுகளாக எண்ணிய ஆரியபட்டரின் பெயரை அதற்கு வைத்தார்கள். நிலை தடுமாறாமல் இருக்க அதுவும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டுதான் போயிற்று.

இன்றைக்குப் பீன்யாவில் எந்தச் சின்ன மில்லிங் பட்டறைக்குப் போனாலும் ஒரு மூலையில் டிவைடிங் ஹெட் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கருப்பு வார்ப்பிரும்புக் கட்டி. உள்ளே 40 பல் சக்கரம், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகு. ராம்ஸ்டெனின் எந்திரமேதான், 2160-க்குப் பதில் 40. வெளியே ஒரு கைப்பிடி, அதன் பின்னால் துளைகள் போட்ட தட்டு. கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு முழுச்சுற்று வரும். பத்துப் பல் வெட்ட வேண்டுமானால் நாலு நாலு சுற்று, கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். வம்பு ஏழில். 360-ஐ ஏழால் வகுத்தால் முடிவே இல்லாத தசமம். ஓசூரிலிருந்து ஷிப்டுக்கு வருகிற பையன் கைபேசியில் தட்டிப் பார்த்து 51.428 என்று ஆரம்பித்தால், மிஷினில் நிற்கிற மூத்தவர் திரும்பியே பார்க்க மாட்டார்.

"டிகிரியை எதுக்குடா தொடுற? இருபத்தொண்ணு ஹோல் தட்டைப் போடு. அஞ்சு சுத்து, பதினஞ்சு ஹோல்."

"கரெக்டா வருமாண்ணே?"

"கடைசியில பின்னு எங்க விழுதுன்னு பாரு."

ஏழு முறை ஐந்து சுற்று 35. ஏழு முறை பதினைந்து துளை 105, இருபத்தொன்றால் வகுத்தால் ஐந்து சுற்று. மொத்தம் 40. ஏழாவது பல் வெட்டி ஒருமுறை நகர்த்தினால் பின் முதலில் நின்ற துளையிலேயே போய் விழும். விழாவிட்டால் நடுவே எங்கோ ஒரு துளை தப்பியிருக்கிறது. துண்டைக் கழித்துப் போட்டுவிட்டு வேறு துண்டு மாட்ட வேண்டியதுதான்.